படலுக்கு வெளியே நின்று கேட்ட கேள்விகள்

பெரிய மனிதர்கள் யாரும் என்னோடு பேசியதில்லை. என் அண்ணனோடு பேசினார்கள். கேள்வியை நான் கேட்பேன். பதில் என் தலைக்கு மேலே போய் அண்ணன் மடியில் விழும். அண்ணனுக்கு வெற்றிலைப்பேட்டையில் ஒரு சின்னக் கடை. கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். மடியில் விழுந்த பதிலை என்ன செய்வதென்று தெரியாமல் "ஆமாங்கய்யா" என்று சொல்லி வைப்பார். நான் எழுதிக்கொள்வேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்திலிருந்து ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் எனக்குப் பிழை திருத்துகிற வேலை. எங்கள் குடும்பம் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் போடுகிற குடும்பம். எனக்கு முந்திய தலைமுறைகளில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. என் தலைமுறையிலும் நான் ஒருத்திதான் மிதித்தேன். இன்டர்மீடியட் வரை படித்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. படிக்கிறவர்களுக்கு இது பிடிக்காவிட்டால் பிடிக்காமல் போகட்டும். அந்தக் கர்வத்தை யாரும் எனக்கு இனாமாகத் தரவில்லை.

பத்திரிகையில் எழுத்தாளர்கள், விஞ்ஞானிகள் ஆகியோரைச் சந்தித்து, அவர்கள் வேலையைப் பற்றிப் பேசி, கேள்வி பதிலாகப் போடுகிற பகுதி ஒன்று இருந்தது. அதை எழுதிக்கொண்டிருந்தவர் பட்டாளத்துக் குமாஸ்தாவாகப் போய்விட்டார். ஆசிரியர் வேறு ஆளைத் தேடி அலுத்துப்போய், ஒருநாள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ போறியாம்மா?"

"என் பெயரைப் போடுவீர்களா?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "முதல்ல போயிட்டு வா. ஒரு எழுத்தாளரைப் பாரு, ஒரு விஞ்ஞானியைப் பாரு. ரெண்டும் நல்லா வந்தா, ரெண்டாவதுக்கு உன் பேரைப் போடுறேன். ஆனா தனியாப் போகக்கூடாது. வீட்டு ஆம்பளை யாரையாச்சும் கூட்டிட்டுப் போ. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா பத்திரிகை தாங்காது."

எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகைகூட நாங்கள் அடித்ததில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து வாயால் அழைப்பதுதான் வழக்கம். என் பெயர் ஈய எழுத்தில் கோக்கப்பட்டு, மையில் உருண்டு, தாளில் விழுவதை நான் பார்க்க வேண்டும். அதற்காக யாரை வேண்டுமானாலும் சந்திக்கத் தயாராக இருந்தேன். அண்ணன் கடையை மதினியிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார். போகிற வழியெல்லாம் பேட்டைக்காரர்களிடம், "தங்கச்சி பேரு பேப்பர்ல வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் போனது ஒரு நாவலாசிரியர் வீட்டுக்கு. அவருடைய நாவல்களில் பெண்கள் படிப்பார்கள், எதிர்த்துப் பேசுவார்கள், பிடிக்காத மாப்பிள்ளையை வேண்டாம் என்பார்கள். கல்லூரி விடுதியில் அவருடைய புத்தகம் ஒன்றை அட்டை பிய்ந்துபோகும்வரை நாங்கள் கைமாற்றிப் படித்திருக்கிறோம். அவர் வீட்டு மாடிப்படி ஏறி முடிக்கும்வரை எனக்கு அவர்மேல் மரியாதை இருந்தது.

அண்ணனுக்கு நாற்காலி போடச் சொன்னார். எனக்குக் கதவோரம் கிடந்த பாயைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே முதல் கேள்வியைக் கேட்டேன்.

"உங்கள் கதாநாயகிகள் எல்லாரும் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் ஏன் செத்துப்போகிறார்கள்?"

அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார். "தம்பி, எழுத்தாளன் உள்ளதை உள்ளபடி காட்டுகிறவன். இந்தச் சமூகம் அவர்களை வாழவிடவில்லை. நான் என்ன செய்ய முடியும்?"

"அதானுங்கய்யா," என்றார் அண்ணன். "நீங்க என்ன செய்வீக, பாவம்."

"ஒருத்தி விஷக்காய்ச்சலில் சாகிறாள்," என்றேன். "ஒருத்தி படகு கவிழ்ந்து சாகிறாள். காய்ச்சலுக்கும் படகுக்கும் சமூகம் என்ன செய்யும்? நீங்கள்தானே கவிழ்த்தீர்கள்?"

"தம்பி, உங்க தங்கைக்கு வயசு என்ன?"

"கார்த்திகை வந்தா இருபத்திரெண்டுங்கய்யா."

"வரன் பார்க்கலையா?"

"பாக்கத்தான் செய்யுறோம். அவளுக்குப் புடிக்கணும்ல."

அவர் சாய்வு நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தார். "அவளுக்குப் பிடிக்கணுமா? அதையெல்லாம் என் நாவலோட வச்சுக்கணும் தம்பி."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டுத்தான் முதல் தடவையாக அவர் என்னிடம் நேராகப் பேசினார்.

"என்ன எழுதறே?"

"நீங்கள் சொன்னதை."

எழுதியதை ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். பிறகு ஓர் ஆளிடம் கொடுத்து அதை நாவலாசிரியருக்கே அனுப்பினார். இந்த வழக்கம் எனக்கு அதுவரை தெரியாது. பெரிய மனிதர்களோடு பேசியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவர்களுக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டுமாம். அவர்கள் பிடிக்காததை அடித்துவிட்டு, பிடித்ததைச் சேர்த்துத் திருப்பித் தருவார்கள். நாவலாசிரியர் பதிலைத் தொடவே இல்லை. என் கேள்விகளை மட்டும் மொத்தமாக அடித்துவிட்டுத் தன் கையால் புதிய கேள்விகளை எழுதியிருந்தார். 'தங்கள் தேனினும் இனிய நடையின் இரகசியம் யாது?' என்பது ஒன்று. 'பெண்குலத்தின்பால் தங்களுக்குள்ள பரிவு எந்த வயதில் அரும்பியது?' என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும் அவரே புதிதாகப் பதிலும் எழுதிவிட்டார். பத்து வயதிலேயே அரும்பிவிட்டதாம்.

"இது நான் கேட்ட கேள்வி இல்லை," என்றேன் ஆசிரியரிடம்.

"வழக்கம் அதாம்மா. கேள்வியையும் அவங்களே எழுதிக் குடுத்திடுவாங்க."

"அப்படியானால் நான் எதற்காகப் போக வேண்டும்?"

"நீ போனாத்தான அது சந்திப்பு."

அந்தப் பக்கங்களுக்குப் பிழை திருத்தியதும் நான்தான். மேலே 'நமது நிருபர்' என்று போட்டிருந்தது. என் பெயர் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று அன்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் விஞ்ஞானி. விஞ்ஞானி கதை எழுதுகிறவர் இல்லையே, உண்மையைச் சொல்கிறவராயிற்றே என்று ஒரு நம்பிக்கை. அந்த வயதில் அப்படியெல்லாம் நம்பத் தோன்றுகிறது.

அவர் விவசாய இலாகாவில் பயிர் நோய்களை ஆராய்கிற அதிகாரி. சீமையில் படித்தவர். கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி வேர் அழுகிச் சாகிற வாடல் நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதற்காக, சோழவந்தானிலேயே ஒரு கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்து, மயில்துத்தம் என்ற நீல உப்பைக் கரைத்துத் தெளித்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எங்கள் அப்பா கொடிக்காலிலிருந்து நடக்கிற தூரம்தான். இது எனக்கென்றே அமைந்த சந்திப்பு என்று நினைத்தேன். இந்தச் செடியை எனக்குத் தெரியும். அதோடு நான் படித்தவள். மதுரை முழுவதும் தேடினாலும் இந்த இரண்டும் சேர்ந்த வேறொருத்தி கிடைக்க மாட்டாள்.

அண்ணன் முந்திய நாளே ஊருக்குப் போய்விட்டார். நான் காலை ரயிலில் போனேன். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்டேஷனுக்கு வந்த அண்ணன் முகம் சரியில்லை. கணுக்கால்வரை கறுப்புச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. வாய்க்கால் கரையில் நடந்துபோகும்போது சொன்னார்.

"கீழ்க்கோடியில ரெண்டு வரிசை போச்சுத்தா. வேரத் தூக்கிப் பாத்தா நாறுது. வெள்ளென அதத்தான் பிடுங்கிப் போட்டுட்டு வாரேன்."

"அந்த அதிகாரியிடமே சொல்லலாமே அண்ணே."

"வாயத் தொறந்துறாத. நம்ம கொடிக்கால்ல பாஞ்ச தண்ணிதான் கீழ உள்ளவங்களுக்குப் போகுது. தெரிஞ்சா நம்ம மடைய அடச்சிருவாங்ய. தண்ணி இல்லாம அம்புட்டுக் கொடியும் காஞ்சுபோகும். அப்பா தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

நான் பென்சில் இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதிகாரியின் கொடிக்கால் வாசலில் கதவாக ஒரு மூங்கில் படல். படலை ஒட்டி உள்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் நீலம் பாரித்த தண்ணீர். எங்களைக் கண்டதும் அதிகாரி காக்கி அரைக்கால்சட்டையோடும் வெறுங்காலோடும் அகத்தி மரங்களுக்கு நடுவிலிருந்து வந்து படலைத் திறந்தார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு காலை எடுத்து வைத்தேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீ அங்கேயே நில்லும்மா. தம்பி, நீங்க வாங்க."

அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருச் சாக்கடையைத் தாண்டுவதுபோல அந்தத் தொட்டியைத் தாண்டி உள்ளே போனார். அதிகாரியின் கை என் முன்னாலேயே நீட்டியபடி இருந்தது. அண்ணன் போனதும் படலைச் சாத்திவிட்டார்.

கொடிக்காலுக்குள் பெண்கள் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போனால் தீட்டு, கொடி வாடிவிடும். வெற்றிலையைக் கிள்ளி ஆண்கள் கூடையில் வாசலுக்குக் கொண்டுவருவார்கள். பெண்கள் வாசலில் உட்கார்ந்து அடுக்கிக் கட்டுவார்கள். என் அம்மா ஆயுள் முழுவதும் வெற்றிலை அடுக்கியவள். தனக்குச் சோறு போட்ட கொடி மண்ணிலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்று ஒருநாளும் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. இதை நான் என் அப்பாவிடம் எதிர்பார்ப்பேன். சீமையில் படித்துவிட்டு வந்தவரிடம் எதிர்பார்க்கவில்லை.

"உள்ளே வந்து பார்த்தால்தானே ஐயா நான் எழுத முடியும்?"

"அங்கேருந்தே தெரியும். வெத்தலைக் கொடிதானே. பார்த்ததில்லையா?"

"நான் கொடிக்கால்காரர் மகள்."

"அப்போ உனக்கே தெரிஞ்சிருக்கணுமே."

"வரக்கூடாது என்று தெரியும். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. நீங்கள் விஞ்ஞானி. சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

அவர் படலின் மேல் கைகளை ஊன்றிக்கொண்டார். நல்ல உயரம். நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இது சர்க்கார் நிலமில்லை. ஊர்க்காரங்க குத்தகைக்குக் கொடுத்தது. பொம்பளைங்க உள்ளே வரக்கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. நீ வந்துட்டுப் போன பிறகு ஒரு கொடி வாடினாலும் உன்னாலேன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் என் மருந்தை எவன் நம்புவான்? எனக்கு வழக்கம் முக்கியமில்லை. சோதனை முக்கியம்."

"பெண் வராமலே கொடி வாடினால்?"

"அப்போ அது நோய்."

"பெண் வந்தும் வாடாமல் இருந்தால்?"

அவர் படலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ஒரு பாத்திக்கு நான் வந்து போகிறேன்," என்றேன். "பக்கத்துப் பாத்திக்கு வரவில்லை. மண், தண்ணீர், மருந்து எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். தை மாதம் இரண்டையும் பாருங்கள். மயில்துத்த மருந்தை அப்படித்தானே சோதிக்கிறீர்கள்? ஒரு பாத்திக்குத் தெளித்து, ஒரு பாத்திக்குத் தெளிக்காமல்?"

"சர்க்கார் சம்பளம் வாங்கிக்கிட்டு உன் காலைச் சோதனை பண்ணச் சொல்றியா?"

"என் காலைப் பற்றி நீங்கள் சோதனை செய்யாமலே முடிவுக்கு வந்துவிட்டீர்களே."

அவர் காது மடல்கள் சிவந்தன. தலையைத் திருப்பி உள்ளே பார்த்துக் கேட்டார். "தம்பி, உங்க தங்கச்சி எப்பவும் இப்படித்தானா?"

"சின்னப் பிள்ளையிலருந்தே இப்படித்தாங்கய்யா," என்றார் அண்ணன் உள்ளேயிருந்து. "பள்ளிக்கூடத்துக்குப் போயி இன்னும் மோசமாயிருச்சு."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். நான் படலுக்கு வெளியே, வாய்க்கால் மேட்டில், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

சிரித்ததில் அதிகாரிக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. என்னை அடக்கிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். தன் வேலையைப் பற்றித் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். நன்றாகத்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

"இந்த நோய்க்கு ரெக்கை கிடையாது. மண்ணுக்குள்ளே இருக்கு. ஈர மண் எதிலே ஒட்டுதோ அதோட போகும். மம்பட்டியோட போகும். வாய்க்கால் தண்ணியோட போகும். எல்லாத்தையும்விட மனுஷன் காலோட போகும். நோய் விழுந்த கொடிக்கால்லே நடந்துட்டு அப்படியே இன்னொரு கொடிக்காலுக்குள்ளே போனா, நோயைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போன மாதிரி. இதை ஊர்லே எவனும் நம்பலை. அதனாலேதான் வாசல்லே இந்தத் தொட்டி. மயில்துத்தத் தண்ணி. யார் வந்தாலும் காலை முக்காமே உள்ளே விடறதில்லை."

'யார் வந்தாலும்' என்று எழுதிய இடத்தில் என் பென்சில் நின்றது.

படல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பாத்திகளுக்கு நடுவில் தண்ணீர் நின்ற வாய்க்காலில் அண்ணன் கால் வைத்து நின்றுகொண்டு, ஓர் இலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் காய்ந்திருந்த கறுப்புச் சேறு ஊறிக் கரைந்து, அந்தத் தண்ணீரில் கறுப்பாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"என் அண்ணன் காலை முக்கினாரா?" என்று கேட்டேன்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "தம்பி, எங்கேருந்து வர்றீங்க?"

"வீட்லருந்துதாங்கய்யா."

"பொய்," என்றேன். "எங்கள் அப்பா கொடிக்காலிலிருந்து வருகிறார். கீழ்க்கோடியில் வேர் அழுகிய கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேராக இங்கே வருகிறார். என்னைத் தடுக்கிற வேகத்தில் நீங்கள் அவரைத் தொட்டியில் இறங்கச் சொல்லவில்லை. கூலியாளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள். கடைக்காரரிடம் சொல்லக் கூச்சம்."

யோசித்துச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு வீட்டில் எனக்குப் புத்தி சொன்னார்கள். யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதிகாரி வாய்க்காலில் குதித்து அண்ணனைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தொட்டிக்குள் நிறுத்தினார். வேலையாட்களைக் கூப்பிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல், அண்ணன் நின்ற இடத்தில் மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு கொட்டச் சொன்னார். வாய்க்கால் தண்ணீரை இரண்டு பக்கமும் மண் போட்டு அடைத்தார்கள். அண்ணன் தொட்டிக்குள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்திய பையனைப்போல நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் அதிகாரி படலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"இதை எழுதப் போறியா?"

"நடந்ததை எழுதுவதுதான் என் வேலை."

"எழுதிப் பாரு."

ரயிலில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமயநல்லூர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒம் பேரு பேப்பர்ல வரணும்னு எங்காலக் காட்டிக் குடுத்திட்டீல்ல."

"நீங்கள் தொட்டியில் கால் வைத்திருந்தால் நான் ஏன் காட்டிக் கொடுக்கப் போகிறேன்?"

"அவரு வைக்கச் சொல்லலியே."

"என்னை மட்டும் வரக்கூடாது என்று சொல்லத் தெரிந்ததா?"

"நீ வரக்கூடாதுங்கிறது ஊருக்கே தெரியும். அந்தத் தொட்டி எதுக்குன்னு எவனுக்குத் தெரியும்? அப்பா மடைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வையி, ஒம் படிப்ப நானே கொண்டுபோயி வைகையில விட்டுருவேன்."

"படிப்பை எடுத்துப்போய் விட முடியாது அண்ணே. அது பானை இல்லை."

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடந்த பேச்சை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். அப்பாவின் கொடிக்கால் என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'நோய் விழுந்த ஒரு கொடிக்கால்' என்று போட்டேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆசிரியருக்கும் தெரிந்தது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார். "உன் பேரைப் போட்டுட வேண்டியதுதான்," என்றார். ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டார்.

தை மாதம்வரை பதில் வரவில்லை. பிறகு அதிகாரியே அச்சகத்துக்கு வந்தார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு என்னையும் கூப்பிடச் சொன்னார். என் தாள்கள் அவர் கையில் இருந்தன. சிவப்புப் பென்சிலால் அடித்திருந்ததால் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அந்த மூலை வாடிப்போச்சு," என்றார். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் பேசினார். "உங்க அண்ணன் நின்ன மூலை."

"சுண்ணாம்பு போட்டீர்களே."

"போட்டேன். தண்ணி முந்திக்கிட்டுது." தாள்களை மேசைமேல் வைத்தார். "ஊர்லே என்ன சொல்றாங்க தெரியுமா? பொம்பளை ஒருத்தி படல்கிட்டே வந்து நின்னு, ஆம்பளையை எதிர்த்துப் பேசினா, அதான் கொடி செத்துதுன்னு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நான் ஒண்ணும் மறுக்கலை."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"காரணம் உங்களுக்குத் தெரியும்," என்றேன். "எனக்குச் சொன்னதே நீங்கள்தான். மனுஷன் காலோடு போகும் என்று. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன தடை?"

"சொன்னா, தொட்டி வச்ச ஆபீசரே ஒருத்தனைத் தொட்டியைத் தாண்ட விட்டான்னு ஆகும். அப்புறம் அந்த ஊர்லே எவனும் தொட்டியிலே கால் வைக்க மாட்டான். நிலத்தையும் திருப்பிக் கேட்டுடுவாங்க. ஊர் சொல்ற காரணம் எனக்கு வசதி. உனக்கும் வசதிதான். நீ எழுதினதை அச்சடிச்சா, அது யாரோட கால்னு ஊர்லே கேக்க மாட்டாங்களா? படல்கிட்டே நின்னது யார் தங்கச்சின்னு எல்லாருக்கும் தெரியும். உங்க அப்பா கொடிக்கால் விஷயத்தை நான் இதுவரைக்கும் யார்கிட்டேயும் சொல்லலை."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, உபகாரம் செய்கிறவர்போலச் சொன்னார். மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்கள் எந்தச் சோதனையிலும் ஒரு பாத்தியை ஒளித்து வைப்பீர்களா?" என்று கேட்டேன்.

"இது சோதனை இல்லைம்மா. பத்திரிகை."

தாள்களை எடுத்துப் பார்த்தேன். என் கேள்விகள் இருந்த இடமெல்லாம் சிவப்பு. புதிய கேள்விகள் ஓரத்தில் அழகான கையெழுத்தில் இருந்தன. 'வெற்றிலை விவசாயிகளுக்குத் தாங்கள் கூறும் அறிவுரை என்ன?' 'தங்கள் ஆராய்ச்சிக்கு ஊர் மக்கள் அளித்துவரும் ஒத்துழைப்பைப் பற்றிக் கூறுங்கள்.' நாவலாசிரியரும் விஞ்ஞானியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி கேள்வி எழுதியிருந்தார்கள்.

அவர் போன பிறகு ஆசிரியர் சொன்னார். "வருத்தப்படாதேம்மா. உன் பேரைப் போடுறேன். சொன்ன சொல் சொன்னதுதான். மேலேயே, கொட்டை எழுத்துல."

நான் என் மேசைக்குப் போய்விட்டேன். என் எழுத்தைப் போடச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். அப்பாவின் மடை நினைவுக்கு வந்தது. அண்ணனிடமும் நாவலாசிரியரிடமும் அதிகாரியிடமும் பயப்படாத நான், அந்த மண் மடைக்குப் பயந்தேன்.

மறுநாள் மாலை கடைசிப் புரூப் வந்தது. ஈரத் தாள், மை வாசனை. மேலே என் பெயர். முழுப் பெயர், கொட்டை எழுத்தில், கீழே ஒரு கோடு போட்டு. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. நான் நினைத்ததைவிட அழகாகவே இருந்தது. அதன் கீழே முதல் கேள்வி: 'வெற்றிலை விவசாயிகளுக்குத் தாங்கள் கூறும் அறிவுரை என்ன?'

பேனாவை எடுத்து என் பெயரை அடித்தேன். ஓரத்தில் 'எடுத்துவிடவும்' என்று எழுதினேன். மற்றப் பிழைகளையும் திருத்தி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னம்மா, உன் பேரையே அடிச்சிருக்கே?"

"பிழை இருந்தால் எடுக்கத்தானே எனக்குச் சம்பளம் தருகிறீர்கள்."

"அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டியே."

"நான் கேட்காத கேள்விக்கு மேலே என் பெயர் நிற்கக்கூடாது. 'நமது நிருபர்' என்று போடுங்கள். அவர்தான் இப்படியெல்லாம் கேட்பார்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இதழ் வந்த அன்று அண்ணன் பேட்டையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். சோழவந்தானிலிருந்து திரும்பிய பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர், கை துடைத்துவிட்டு இதழை வாங்கினார். என் பெயரின் எழுத்துகளை மட்டும் அவருக்கு முன்பே அடையாளம் காட்டியிருந்தேன், பார்த்தால் தெரியட்டும் என்று. ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துத் தேடினார். மதினியும் அருகில் வந்து நின்றாள்.

"எங்கத்தா?"

"இல்லை."

"அந்தாளு எடுத்துட்டானா?"

"நான்தான் எடுத்தேன்."

அவர் இதழை மூடி மதினியிடம் கொடுத்தார். "பெறகு எதுக்கு என்னய இம்புட்டு அலைய விட்ட? எதுக்கு எங்கால ஊருக்கு முன்னாடி ஊறப்போட்ட?" துண்டைத் தோளிலிருந்து இழுத்தார். "பேட்டையில பூராப் பயகள்ட்டயும் சொல்லி வச்சிட்டேன். இப்ப என்னன்னு சொல்ல?"

"விஞ்ஞானி சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுங்கள். பொம்பளை வந்து நின்றாள், அதனால் பேர் வாடிவிட்டது என்று."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அப்பாவின் கொடிக்கால் முழுவதும் போனது. இப்போது அங்கே வாழை நிற்கிறது. வாழைத் தோட்டத்துக்குள் பெண்கள் போகலாம். அம்மா போகிறாள். நோய்க்குப் பயந்து எங்கள் மடையை அடைக்க இனி யாருக்கும் காரணம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அன்று சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்ட என் கேள்விகள் மேலே இருக்கின்றன, நான் கேட்ட அதே வார்த்தைகளில். இதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. யாரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை.